அட்டையில் ஆறங்குல ஓட்டை

தென்கோடி விண்ணோக்கு நிலையத்தில் மொத்தம் பதினேழு அறைகள். அவற்றில் பதினாறு அறைகளிலிருந்து வானம் தெரியாது. பதினேழாவது அறை மொட்டைமாடியில், திறந்து மூடும் உருண்டைக் கூரையோடு இருந்தது. தொலைநோக்கி அதற்குள் இருந்தது. அதை இயக்க ஒரே ஓர் ஊழியர். மற்ற அறைகளில் இருந்த நாற்பத்தொரு பேரும் அந்த ஒருவரை மேற்பார்வை செய்தார்கள்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. உலகத்தின் பெரிய நிலையங்கள் எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன என்று இயக்குநர் முனைவர் சத்தியராஜ் சொல்வார். அவர் எந்தப் பெரிய நிலையத்தையும் பார்த்தவர் அல்ல. ஆனாலும் அவர் சொல்லும்போது நம்பத் தோன்றும். அப்படி ஒரு குரல் அவருக்கு.

அந்த ஒரே ஊழியரின் பெயர் சூசை. வயது அறுபத்தொன்று. கடற்கரையில் பிறந்து, மஸ்கட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்துநான்கு வருஷம் லென்ஸ் தேய்த்து, அந்தச் சம்பாத்தியத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் நாலு படுக்கையறை வைத்து வீடு கட்டியவர். நாலு அறையிலும் ஏசி உண்டு. மகள் ஷிஜி கல்யாணமாகி கனடா போனாள். மனைவி இசபெல் மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனாள். இப்போது சூசை ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார். ஏசி எதுவும் ஓடுவதில்லை. அந்த வீட்டில் காலையில் பால்காரனிடம் பேசும் இரண்டு வார்த்தைக்குப் பிறகு வாயைத் திறக்க ஒரு காரணமும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாயங்காலம் ஏழு மணிக்கு கனடாவிலிருந்து வீடியோ கால் வரும். ஷிஜி இரண்டு நிமிஷம் பேசிவிட்டு போனைப் பேத்தி பெபிஷாவிடம் கொடுப்பாள். பெபிஷாவுக்கு ஏழு வயது. "ஹாய் பாட்டா" என்பாள். சூசை "சாப்பிட்டியா மக்கா?" என்பார். "சாப்பிட்டேன்" என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அவள் உலகத்தைப் பற்றி அவருக்கும், அவர் உலகத்தைப் பற்றி அவளுக்கும் கேட்க ஒரு கேள்விகூடக் கிடையாது. "பை பாட்டா."

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள்.

"பாட்டா, சாட்டர்ன் பாத்திருக்கீங்களா?"

"அது என்னது மக்கா?"

"சனி கிரகம் அப்பா" என்று பின்னாலிருந்து ஷிஜி எடுத்துக் கொடுத்தாள்.

"அதுக்கு ரிங் இருக்கு. ஆனா ஒவ்வொரு மாசமும் மெலிசாயிட்டே வருதாம். மார்ச்சுல காணாமப் போயிடுமாம். பிறகுதான் திரும்பி வருமாம். படத்துல எல்லாரும் பாத்திருக்கோம். நிஜமா யாராவது பாத்திருக்கீங்களான்னு மிஸ் கேட்டாங்க. யாரும் கை தூக்கல."

"நான் பாத்து ஒனக்கும் காட்டுதேன் மக்கா. மார்ச்சுக்கு முன்ன."

அன்றைக்கு அவர்கள் நாலு நிமிஷம் பேசியிருந்தார்கள். சூசை போனில் நேரத்தைப் பார்த்தார். பிறகு இன்னொரு முறையும் பார்த்தார்.

அடுத்த வாரம்தான் நிலையத்தில் காட்சி உதவியாளர் வேலைக்கு ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. நேர்முகத் தேர்வில் ஆட்சிக் குழு உறுப்பினர் ஒன்பது பேரின் பெயரையும் பட்டம் பிசகாமல் சொல்லச் சொன்னார்கள். லென்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சூசை முந்தின நாளே வாசல் கல்வெட்டைப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தார். வேலை கிடைத்தது.

இங்கே தொலைநோக்கியின் பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும். நிலையத்துக்கு முதலில் வந்தது லென்ஸ் வைத்த தொலைநோக்கி. அதில் நிலாவைப் பார்த்தால் ஒரு விளிம்பில் ஊதாவும் மறுவிளிம்பில் மஞ்சளும் லேசாகக் கசியும். கண்ணாடி வில்லை ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் அளவில் மடக்கும், அதனால் வருவது அது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். நிலையத்தின் ஒழுங்குமுறை அலுவலர் எபிசனுக்குத் தெரியாது. அவர் கோப்பில் இப்படி எழுதினார்: "நிலையம் எந்த நிறத்தையும் சார்ந்ததல்ல. நிலாவில் தெரியும் இரு நிறங்களில் எது எந்தத் தரப்பைக் குறிக்கிறது என்று பொதுமக்கள் கேட்டால் பதில் சொல்ல இயலாது." லென்ஸ் தொலைநோக்கி பழைய சாமான் அறைக்குப் போனது.

குழியாடி வைத்த தொலைநோக்கி நிறத்தைப் பிரிக்காது என்று யாரோ சொல்ல, பன்னிரண்டு அங்குலக் கண்ணாடிக்கு ஏற்பாடானது. செய்கிற வெளியூர்க்காரர் வரைபடம் அனுப்பினார். நடுவில் வளைவு சற்றுக் கூடுதலாகவும் ஓரத்துக்குப் போகப்போகக் குறைவாகவும் இருக்கும், அப்போதுதான் எல்லா வெளிச்சமும் ஒரே புள்ளியில் வந்து சேரும் என்று விளக்கமும் எழுதியிருந்தார். எபிசன் அதை ஏற்கவில்லை. "நடுவுக்குக் கூடுதலாகவும் விளிம்புக்குக் குறைவாகவும் கொடுப்பது பாரபட்சம். விளிம்பில் இருப்பவர்களை இந்த நிலையம் ஒருபோதும் கைவிடாது. எல்லா இடத்திலும் ஒரே வளைவு இருக்க வேண்டும்." ஆட்சிக் குழு மேசையைத் தட்டிப் பாராட்டியது. அந்த மனிதர் இரண்டு தடவை மறுத்து எழுதிப் பார்த்தார். மூன்றாவது தடவை கண்ணாடியையே அனுப்பிவிட்டார், கூட ஒரு வரிக் கடிதத்தோடு: "நீங்கள் கேட்டதையே செய்திருக்கிறேன். மன்னிக்கவும்." நிலையம் அதைப் பாராட்டுக் கடிதங்கள் என்ற கோப்பில் சேர்த்துக்கொண்டது.

சூசை முதல் நாள் சாயங்காலம் கூரையைத் திறந்து, சனியைத் தேடிப் பிடித்து, கண்ணை வைத்தார். குவியம் சரிசெய்யும் திருகை முன்னால் திருகினார், பின்னால் திருகினார். எங்கே வைத்தாலும் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு, சுற்றிலும் கரைந்த மாவு. பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார். அதுவும் அப்படியே. ஓரத்து வெளிச்சம் ஓர் இடத்தில் கூடுகிறது, நடு வெளிச்சம் கொஞ்சம் தள்ளிக் கூடுகிறது என்பது அவருக்கு அரை நிமிஷத்தில் புரிந்துவிட்டது. இருபத்துநான்கு வருஷம் தேய்த்த கை அல்லவா.

மாடியைப் பெருக்க வந்திருந்தாள் தங்கபாய். நெய்யூர்க்காரி, கணவன் இல்லை, கடைசி பஸ் வரும்வரை போக இடமில்லாததால் எட்டு மணிவரை மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். சூசை அவளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"என்னத்தக் காணுதே?"

"கஞ்சியில முட்டைய ஒடச்சு ஊத்துன மாதிரி இரிக்கு அண்ணே. இதப் பாக்கதுக்கா இத்தன படி ஏறி வாறாங்க?"

"கண்ணாடிக்க தப்பாக்கும் தங்கபாயி. வளைவு செரியில்ல."

"அத ஆருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள் தங்கபாய். அவள் அங்கே ஆறு வருஷமாக வேலை பார்க்கிறவள்.

சூசை சொன்னார். ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்தார். இயக்குநர் உடனே கூட்டம் கூட்டினார். ஏனென்றால் பார்க்க வந்த ஜனங்களும் மங்கலாகத் தெரிகிறது என்று புகார்ப் பெட்டியில் எழுதிப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

"நண்பர்களே" என்று தொடங்கினார் சத்தியராஜ். "பார்வை என்பது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ஒன்று நம் கருவி. இன்னொன்று பொதுமக்களின் கண். நம் கருவிக்கு ஒன்பது பேர் கையெழுத்திட்ட தரச் சான்று இருக்கிறது. பொதுமக்களின் கண்ணுக்கு என்ன சான்று இருக்கிறது?"

அடுத்த நாளிலிருந்து பார்க்க வருகிறவர்கள் கண் மருத்துவரிடம் தகுதிச் சான்று வாங்கி வர வேண்டும் என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். சூசைக்கும் அது பொருந்தும். அவர் நாகர்கோவில் போய் அரைநாள் வரிசையில் நின்று சான்று வாங்கி வந்தார். இரண்டு கண்ணும் நல்ல கண் என்று அதில் இருந்தது. எபிசன் அதைத் திருப்பிக் கொடுத்தார். மருத்துவர் எழுத்துகளைக் காட்டித்தான் சோதித்திருக்கிறார், நட்சத்திரத்தைக் காட்டிச் சோதிக்கவில்லை என்பது அவர் கண்டுபிடித்த குறை.

"அப்பம் நட்சத்திரத்த எதுல காட்டுவாரு சாரே?"

"நம் தொலைநோக்கியில்தான். ஆனால் சான்று இல்லாமல் மருத்துவரை உள்ளே விட முடியாது."

சூசை சான்றை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மாடிக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பெபிஷா கேட்டாள். "ரிங் பாத்தாச்சா பாட்டா?"

"மேகமா இருக்கு மக்கா" என்றார் சூசை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பேத்தியிடம் அவர் சொன்ன முதல் பொய் அது. நிலையத்தில் சேர்ந்த பிறகு வந்த பழக்கம்.

புரட்டாசியில் வால் நட்சத்திரங்கள் வந்தன. தங்கள் கண்ணுக்குத் தாங்களே சான்று கொடுத்துக்கொண்டு ஒருநாள் இயக்குநரும் எபிசனும் மாடிக்கு வந்தார்கள். சத்தியராஜ் கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை.

"எபிசன்! வால்! இதற்கு வால் இருக்கிறது. இதற்கும் இருக்கிறது!"

பார்வை வட்டத்தின் ஓரத்தில் இருந்த நட்சத்திரங்கள் எல்லாம் வெளிப்பக்கமாக ஒரு வாலை நீட்டிக்கொண்டிருந்தன. அன்று ஒரே சாயங்காலத்தில் இயக்குநர் ஒன்பது வால் நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். ஒன்பதோடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஆட்சிக் குழுவில் ஒன்பது பேர்தான். ஒவ்வொருவர் பெயரும் ஒவ்வொன்றுக்கு வைக்கப்பட்டது. வாலின் நீளம் பதவி வரிசைப்படி இருக்கிறதா என்று எபிசன் சரிபார்த்தார். மிக நீளமான வால் குழுத் தலைவருக்குப் போனது.

சூசையால் பொறுக்க முடியவில்லை. "சாரே, அது வால் நட்சத்திரம் இல்ல. சாதா நட்சத்திரமாக்கும். ஓரத்துல நின்னா வால் வரும், நடுவுல கொண்டாந்தா போவும். இப்பம் பாருங்க." தொலைநோக்கியை ஒரு விரல் அளவு தள்ளித் தலைவரை நடுவுக்குக் கொண்டுவந்தார். தலைவரின் வால் போய்விட்டது. துணைத்தலைவருக்குப் புதிதாக நீண்டது.

சத்தியராஜின் முகம் வெளுத்தது. "தலைவரை ஓரத்தில் வையுங்கள்" என்றார் மெதுவாக. "எப்போதும் ஓரத்திலேயே வையுங்கள். இது எழுத்து மூலமான ஆணையாக நாளைக்கு வரும்."

வந்தது. அதற்குப் பிறகு தலைவர் குடும்பத்தோடு வந்த நாளில் சூசை முக்கால் மணி நேரம் தலைவரை ஓரத்தைவிட்டு நகராமல் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவரின் மனைவி பார்த்துவிட்டு, கல்யாணத்தின்போது அவர் இப்படித்தான் இருந்தார் என்று சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. சான்று வாங்க அலைந்து அலுத்து ஜனங்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்த மாதம் ஒரு புகார்கூட வரவில்லை. ஒரு பார்வையாளர்கூட வரவில்லை. இரண்டாவது விஷயம் அறிக்கையில் இடம்பெறவில்லை. முதல் விஷயத்துக்காக நிலையத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது.

சூசைக்கு அந்த மழைக்காலம் மிகவும் கஷ்டமாக இருந்தது. நாலு பேர் வருவார்கள், நாலு வார்த்தை பேசலாம் என்றுதான் இந்த வேலைக்கு வந்தார். இப்போது சனியையும் காணவில்லை, மனுஷரையும் காணவில்லை. மூடிய கூரைக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்து மழைச் சத்தத்தைக் கேட்பார். படியில் தங்கபாய் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். எட்டு மணிக்கு அவள் "வாறேன் அண்ணே" என்று எழுந்து போகும்போது, ஒரு நாள் முழுக்கக் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அதுதான் என்று சூசைக்குத் தோன்றும்.

கனடாவில் பெபிஷா கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். "மேகமா பாட்டா?" என்று அவளே சொல்லிவிடுவாள். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனுக்கே வரவில்லை. "கார்ட்டூன் பாக்குறா அப்பா, கூப்பிட்டா வர மாட்டேங்குறா" என்றாள் ஷிஜி. சூசை பரவாயில்லை என்றார். அன்றைக்கு அவர் சோறு வடிக்கவில்லை.

மறுநாள் சூசை அனுமதி கேட்டு மனுக் கொடுத்தார். கண்ணாடியின் ஓரத்தை மறைத்துவிட்டு நடுவில் உள்ள ஆறு அங்குலத்தை மட்டும் வேலை செய்யவிட்டால் படம் தெளியும், ஒரு அட்டை போதும், அட்டை தன்னிடமே இருக்கிறது என்று எழுதினார். மனு பன்னிரண்டு அறைகளைச் சுற்றி, இந்தப் பதிலோடு திரும்பி வந்தது: "அட்டை என்ற பொருள் நிலையத்தின் கருவிப் பட்டியலில் இல்லை. எனவே அட்டை இல்லை எனக் கருதப்படுகிறது."

அது இல்லை என்று கருதப்படுகிற பொருளானால், அதை மாட்டுவதும் நடக்காத காரியம்தானே என்று சூசை தனக்குள் ஒரு நியாயம் செய்துகொண்டார். வீட்டில் இசபெல் எறிய விடாமல் வைத்திருந்த, டிவி வந்த அட்டைப்பெட்டி இருந்தது. நூலும் பென்சிலும் வைத்து வட்டம் போட்டார். நடுவில் ஆறங்குல ஓட்டை வெட்டினார். இசபெலின் தையல் கத்திரிக்கோல் துருப்பிடித்திருந்தாலும் வெட்டியது.

தை பிறக்கப் பத்து நாள் இருந்தபோது மழை முழுசாக விட்டது. ஞாயிற்றுக்கிழமை. மேற்கே தென்னைகளுக்கு மேலே சனி தெளிவாக நின்றது. சூசை தொலைநோக்கியின் வாயில் அட்டையைப் பொருத்தினார். கண்ணை வைத்து, திருகை மெதுவாகத் திருகினார்.

மாவு எல்லாம் ஒன்றாகச் சுருங்கி உள்ளே போனது. சின்னதாக, சுத்தமாக, ஒரு மஞ்சள் மணி. அதன் குறுக்கே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஒரு வெளிச்ச ஊசி.

சூசை சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "ஏ தங்கபாயி, ஓடி வா" என்று கூப்பிட்டார்.

அவள் வந்து பார்த்தாள். பிறகு தொலைநோக்கியின் முன்பக்கம் போய் வாயைத் தடவிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள படத்த ஒட்டி வச்சிரிக்கியளா அண்ணே?"

"இல்ல. மேல நிக்கதுதான்."

"உள்ளதா? அது அங்க சும்மா நிக்கா? நம்ம தலைக்கு மேலயா?" அவள் திரும்பவும் போய்க் கண்ணை வைத்தாள். "அய்யோ, எவ்வளவு ஒத்தையில நிக்கு."

போன் அடித்தது. ஷிஜி. சூசைக்கு ஹலோ சொல்லக்கூடப் பொறுமை இல்லை. "பிள்ளையக் கூப்பிடு ஷிஜி. கார்ட்டூன அமத்தீட்டுக் கூப்பிடு." போனைக் கண்வைக்கும் இடத்தில் பிடித்தார். படம் நிலைகொள்ளவில்லை. தங்கபாய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கறுப்பா இருக்கு பாட்டா... இப்ப ஏதோ ஓடுது... நிறுத்துங்க, நிறுத்துங்க! குட்டியா இருக்கு. கோடு இருக்கு பாட்டா! அது ரிங்கா?"

"ரிங்குதான் மக்கா."

"நிஜமாவா? இப்பவா? இது வீடியோ இல்லையே?"

"இப்பம்தான். நான் பாக்கதத்தான் நீயும் பாக்குற."

அன்றைக்கு இருபத்திரண்டு நிமிஷம் பேசினார்கள். அவள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள், பனியில் விழுந்ததைச் சொன்னாள், பாட்டி எப்படி இருப்பாள் என்று கேட்டாள். சூசைக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்குப் போய், இசபெல் போன பிறகு அன்று முதன்முறையாகக் கட்டிலில் படுத்தார்.

தங்கபாய் நெய்யூரில் நாலு பேரிடம் சொல்ல, மறுநாளும் அதற்கு மறுநாளும் சான்று இல்லாமலே சில பேர் வந்தார்கள். அதில் ஒரு மனுஷன் நல்லவன். பார்வையாளர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனான்: "சனியின் வளையம் இன்று மிகத் தெளிவாகத் தெரிந்தது. நன்றி."

அந்த 'இன்று' தான் வினையாகப் போயிற்று. எபிசன் சிவப்பு மையால் அதைச் சுற்றி வட்டம் போட்டார். இன்று தெரிந்தது என்றால் நேற்று வரை தெரியவில்லை என்று ஆகிறதே.

விசாரணை பதினோராம் அறையில் நடந்தது. அட்டை மேசைமேல் சான்றுப் பொருளாக, அரக்கு முத்திரை வைக்கப்பட்டுக் கிடந்தது.

"கண்ணாடியின் பரப்பில் முக்கால் பங்கை நீங்கள் மறைத்திருக்கிறீர்கள்" என்றார் எபிசன். "அதாவது நிலையத்துக்கு முறைப்படி வந்து சேர வேண்டிய வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் தடுத்திருக்கிறீர்கள். அது எங்கே?"

"எது சாரே?"

"அந்த வெளிச்சம்."

"அட்டையில பட்டு நின்னு போச்சு."

"நின்று போச்சு" என்று எபிசன் எழுதிக்கொண்டார். "மேலும், அட்டை மாட்டிய நாட்களில் ஒன்பது வால் நட்சத்திரங்களுக்கும் வால் இல்லை. தலைவர் உட்பட. அடுத்து, நிலையத்தின் பார்வையிலிருந்த ஒரு கோளை முன் அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு நிமிடங்கள்."

"எனக்க பேத்திக்கு சாரே. ஏழு வயசு."

சத்தியராஜ் கையை உயர்த்தினார். அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே வருத்தமாக இருந்தார். "சூசை, நான் மனம் திறந்து பேசுகிறேன். நீங்கள் நல்ல மனிதர். ஆனால் யோசித்துப் பாருங்கள். முழுக் கண்ணாடியும் வேலை செய்தால் மங்கலாகத் தெரிகிறது, கால்பங்கு வேலை செய்தால் தெளிவாகத் தெரிகிறது என்று நீங்கள் நிரூபித்துவிட்டால், இந்த நிலையத்தில் இருக்கும் நாற்பத்திரண்டு பேரின் கதி என்ன?"

எபிசன்கூட அதை எழுதவில்லை.

பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை சனிக்கோளுக்கு வளையம் எதுவும் காணப்படவில்லை என்று அதில் இருந்தது. ஆட்சிக் குழுவின் ஒன்பது பேரும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்பது பேரில் ஒருவரும் அன்று மாடிக்கு வந்தவர் இல்லை. பத்தாவது இடம் தங்கபாய்க்கு. பதினோராவது சூசைக்கு. போட்டால் வேலை இருக்கும்.

தங்கபாயைக் கூப்பிட்டார்கள். அவள் சூசையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு முந்தானையால் பேனாவைத் துடைத்து வைத்தாள்.

சூசை அந்தப் பேனாவை எடுத்தார். வேலை போனால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்கே வீட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான். படிக்கட்டில் உட்கார்ந்து "வாறேன் அண்ணே" என்று சொல்ல ஆள் இருக்காது. பேனாவைத் தாளில் வைத்தார். சூ என்ற எழுத்துகூட வந்துவிட்டது. அப்போது பெபிஷா வகுப்பில் கை தூக்கியிருப்பாள் என்ற நினைப்பு வந்தது. ஏழு வயதுப் பிள்ளை, அத்தனை பேருக்கு நடுவில், தனியாக.

"நான் பாத்தேன் சாரே" என்றார். பேனாவை மூடி வைத்தார்.

படியில் தங்கபாய் நின்றிருந்தாள். "எனக்கு சோலி வேணும் அண்ணே. வேற வழியில்ல."

"அதுக்கென்ன. நீ போட்டது செரிதான்."

"நான் பாத்தேன் அண்ணே. அத மறக்க மாட்டேன்."

"வெளிய சொல்லாத" என்றார் சூசை, அவள் முதல் நாள் தனக்குச் சொன்னதுபோலவே. இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள்.

ஒரு மாதம் போனது. கருங்கல் சந்தையில் சூசை மீன் வாங்க நின்றபோது பக்கத்திலிருந்த நிலையத்தின் ஒலிபெருக்கி கேட்டது. அவரை நீக்கிய பிறகு அட்டையைப் பற்றி ஒரு குழு ஆராய்ந்தது என்று கேள்விப்பட்டிருந்தார். அட்டை வைத்தால் குறை தெரிவதில்லை என்பதைக் குழு ஒத்துக்கொண்டது. ஆனால் எபிசன் விடவில்லை. நடுவில் மட்டும் ஓட்டை, ஓரத்துக்கு இல்லை என்றால் அது பழைய பாரபட்சமேதான். எனவே எல்லா இடத்திலும் சமமாக, ஓட்டையே இல்லாத பன்னிரண்டு அங்குல அட்டை செய்து மாட்டிவிட்டார்கள். அன்று அதன் திறப்பு விழா.

"இன்று முதல்" என்று சத்தியராஜின் குரல் சந்தைக்கு மேலே மிதந்து வந்தது, "நம் தொலைநோக்கியில் எந்தக் குறையும் தெரியாது. நிறக் கசிவு இல்லை. மங்கல் இல்லை. வால் இல்லை. தலைவரின் பெருந்தன்மையான சம்மதத்துடன், தலைவருக்கும் வால் இல்லை!"

கைதட்டல் வெகுநேரம் நீடித்தது. மீன்காரி "என்ன விசேஷம்?" என்று கேட்டாள். சூசை தெரியாது என்றார்.

அது ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கு அவர் தன் வீட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றார். சனி மேற்கே மிகவும் தாழ்ந்துவிட்டது. இன்னும் சில நாட்களில் சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடும். போன் அடித்தது. இந்த முறை நேராகப் பெபிஷாதான்.

"பாட்டா, மிஸ் திரும்பவும் கேட்டாங்க. நான் கை தூக்கினேன். ஒரு பையன் நம்பவே இல்ல. பொய் சொல்றேன்னு சொன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"நம்பாட்டி போடான்னு சொன்னேன். இன்னைக்கும் காட்டுங்க பாட்டா."

"இன்னைக்குப் பெரிய கண்ணாடி இல்ல மக்கா."

"பரவால்ல. சும்மா காட்டுங்க."

சூசை போனைத் திருப்பி, கையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, தென்னைகளுக்கு மேலே அந்த மங்கிய புள்ளிக்கு நேராகப் பிடித்தார்.

"எல்லாம் கறுப்பா இருக்கு பாட்டா. ஒண்ணும் தெரியல."

"தெரியாது. ஆனா அங்கதான் நிக்கு. வளையத்தோட நிக்கு."

"தெரியும்" என்றாள் பெபிஷா. "நாமதான் பாத்தோமே."

அவள் பேசி முடித்து வைத்த பிறகும் சூசை கையை இறக்கவில்லை. தோள் வலித்த பிறகுதான் இறக்கினார். பிறகு அது மறையும்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டு, கீழே போய், தனக்கும் பேத்திக்குமாக, இரண்டு பேருக்குப் போதுமான சோறு வடித்தார்.